பத்தாவது பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்மாசு அண்ணன் பெரிய வட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். எத்தியோப்பியர்களுக்கு அன்று புத்தாண்டு. மனைவியும் மகள்களும் அடிஸ் அபாபாவில் இருக்க, நைரோபியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கும் மனிதர் ராத்திரியே மாவு பிசைந்து, விடியலில் சுட்டிருக்கிறார்.

"நான் ஜெபம் பண்ணி வெட்டுற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி அதை அலமாரியின் மேல் வைத்தார்.

"ஏரிக்கரைக்காரன் மீன் இல்லாம ரொட்டி திங்க மாட்டானே, பெரியவரே" என்றார் ஏரிக்கரை ஊரிலிருந்து வந்த எங்கள் ஷிஃப்ட் தலைவர் ஒமோல்லோ.

"மீன் முள்ளு தொண்டையில சிக்கி நீ ஒரு நாள் பேசாம இருந்தா, அதுதான் எனக்குப் புத்தாண்டுப் பரிசு."

ஜன்னலோர மேசையிலிருந்து, எங்களோடு வேலை பார்க்கும் தஹபோ சிரித்தாள். அவளுக்கு ரமலான் நோன்பு. "எனக்கு ஒரு துண்டு எடுத்து வைங்க அண்ணே. சூரியன் இறங்கினதும் பேரீச்சம்பழம், அதுக்கப்புறம் உங்க ரொட்டிதான்."

"உனக்குத்தான் முதல் துண்டு, தங்கச்சி."

1977 செப்டம்பர் மாதம் அது. நான் அங்கே ஒலிநாடாவில் பதிவுசெய்யும் டேப் ஆள். பெயர் கிலோன்சி, ஊர் மச்சாகோஸ். நைரோபிக்கு வெளியே, கரேன் புறநகரைத் தாண்டி, புல்வெளியில் கம்பங்கள் நட்டு ஆன்டெனாக் கம்பி இழுத்திருந்த ஒரு கல் கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. சுற்றியுள்ள நாடுகளின் சிற்றலை வானொலிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, நகரத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. அங்கிருந்து அந்தத் தாள்கள் பத்திரிகைகளுக்கும் தூதரகங்களுக்கும் போகும். போர்க் கைதிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஜெனீவாக்காரர்களின் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகும்.

ஒகாடென் பாலைக்காக சோமாலியாவும் எத்தியோப்பியாவும் ஜூலையில் மோதத் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. சோமாலியாவின் கடற்கரைப் பக்கமிருந்து வரும் ஒலிபரப்பை நாங்கள் 'கடல்' என்போம். எத்தியோப்பிய மலைநாட்டிலிருந்து வருவது 'மலை'. கடல் தினமும் மாலை ஐந்தரைக்கு, மலைநாட்டு மக்கள் கேட்பதற்காக, அம்ஹாரிக் மொழியில் பேசும். மலை மதியத்தில், சோமாலியர் கேட்பதற்காக, சோமாலி மொழியில் பேசும். ஆகவே எத்தியோப்பியரான அத்மாசு அண்ணன் கடலைக் கேட்பார். சோமாலிப் பெண்ணான தஹபோ மலையைக் கேட்பாள்.

"நம்ம ஜனங்களைத் திட்டுறதை உட்கார்ந்து கேட்கிறதுக்கு நமக்குச் சம்பளம் குடுக்கிறாங்க, அண்ணே" என்பாள் தஹபோ. "இன்னிக்கி எங்களை ஆட்டுத் திருடன்னு சொன்னாங்க. உங்களை?"

"கழுதைன்னு சொன்னாங்க."

"நேத்தும் கழுதைதானே?"

"ஆமா. எழுதிக் குடுக்கிறவனுக்கு வேற மிருகம் தெரியல போல."

ஆகஸ்ட் பிறந்த பின் இப்படிப் பேசிச் சிரிப்பது குறைந்துவிட்டது. தஹபோவின் தாய் கிழக்கு எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில் இருந்தாள். அங்கே சண்டை நடந்து மூன்று வாரம் தாண்டியும் கடிதம் இல்லை. அத்மாசு அண்ணனின் ஒரே மகன் ஹெனோக்கைப் படையில் சேர்த்துக் கிழக்கே அனுப்பியிருந்தார்கள். ஜூனுக்குப் பிறகு அவனிடமிருந்தும் ஒரு வரி கிடையாது. தினமும் காலையில் அவர் அவளிடம், "அம்மா கடிதம் வந்துச்சா?" என்பார். அவள், "தம்பிகிட்டயிருந்து?" என்பாள். இருவரும் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள்.

ஹெனோக்கை நான் அறிவேன். குடும்பம் நைரோபியில் இருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் அப்பாவுடன் வருவான். பன்னிரண்டு வயதிருக்கும். மேசைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து, செய்தித்தாளிலிருந்து கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயர்களை வாசிப்பான். அப்பா தட்டச்சு செய்வார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, விசைகளின் சத்தம் நின்ற பிறகுதான் அடுத்த பெயரைச் சொல்வான். அப்பாவின் விரல் வேகம் அவன் காதுக்கு அத்துப்படி. பிறகு பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று தாய் பிள்ளைகளோடு ஊருக்குப் போனாள். ஊரில் ஆட்சி மாறியது. திரும்பி வர அனுமதி கிடைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவர் எழுதிய தாளை அதே மொழி தெரிந்த இன்னொருவர் டேப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அவரை 'இரண்டாம் காது' என்போம். பிழை கண்டால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தாளைத் திருப்பிக் கொடுப்பார். முதல் ஆள் மறுபடி கேட்டு, திருத்திக் கொடுத்தால், புள்ளி அழிக்கப்படும். யாருக்கும் தெரியாது, யாருக்கும் அவமானமில்லை. திருத்தாமல் திரும்பி வந்தால் மட்டும் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதில் பெயர் ஏறினால் வேலை போகும். அத்மாசு அண்ணனைப் போன்ற வெளிநாட்டவருக்கு வேலை போனால், கென்யாவில் தங்கும் அனுமதியும் போகும்.

அம்ஹாரிக்குக்கு இருந்த இன்னொரு ஆள் ஜூலையிலேயே விலகிப் போய்விட்டார். தஹபோ டிரே டாவாவில் அம்ஹாரிக் பள்ளியில் படித்தவள். வேறு வழியில்லாமல் ஒமோல்லோ அவளையே இரண்டாம் காதாக வைத்தார். எத்தியோப்பியர் எழுதியதை சோமாலிப் பெண் சரிபார்க்கிறாள், அதுவும் போர்க்காலத்தில். முதல் நாள் ஒமோல்லோவே பயந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவள் வைத்தது நான்கே புள்ளிகள். நான்கையும் அவர் திருத்தினார்.

ஐந்தரைக்குக் கடல் பேசத் தொடங்கியது. எதிர்த்தரப்பு வேண்டுமென்றே எழுப்பும் இரைச்சல் அன்று சற்றுக் குறைவாக இருந்தது. நான் டேப்பை ஓடவிட்டு, ஒலி அளவு காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்து நிமிடம் எப்போதும் பிடிபட்ட வீரர்களுக்கானது. முதலில் அறிவிப்பாளர் பெயர்களைப் படிப்பார். பிறகு கைதிகளில் இரண்டு மூன்று பேரைப் பேசவிடுவார்கள். நன்றாக நடத்துகிறார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள், நன்றி என்று எல்லாரும் ஒரே பாடத்தைச் சொல்வார்கள். அதனால் பெயர்களை மட்டும் எழுத்துக்கு எழுத்து எழுதுவது வழக்கம். பேச்சுக்கு, 'கைதிகள் மூவர் பேசினர், வழக்கமான நன்றி' என்று ஒரு வரி போதும்.

பெயர்கள் முடியும் தறுவாயில் அத்மாசு அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எட்டு வருடத்தில், ஒலிபரப்பு ஓடும்போது அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அது மேசைமேல் கிடந்து ஈ முரல்வதுபோல் முரன்றுகொண்டிருந்தது. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் ஊன்றி, சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன அண்ணே?" என்றேன்.

"காது சூடாயிடுச்சு" என்றார்.

ஒலிபரப்பு முடிந்தது. அவர் டேப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. நேராகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தாள் தஹபோவின் மேசைக்குப் போய்விட்டது. நான் டேப் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போகத் தாழ்வாரத்தில் திரும்பினேன். அங்கே அவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் சாமான் அறை. அதற்குள் காந்தப் பெட்டி இருந்தது. சுருளை அதன்மேல் வைத்து விசையைத் தட்டினால், ஒரு மூச்சு விடுவதற்குள் எல்லாக் குரலும் போய்விடும்.

"அதை அழிச்சிடு, தம்பி."

"தஹபோ இன்னும் கேட்கலையே அண்ணே."

"அதான் சொல்றேன். தெரியாம மாத்தி வச்சுட்டேன்னு சொல்லு. ஒமோல்லோ கத்துவான், அவ்வளவுதான். உன்னை வேலையைவிட்டு அனுப்ப மாட்டான்."

"எதுக்கு அண்ணே?"

அவர் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். "என் பையன் பேர் அதுல இருக்கு."

"உயிரோட இருக்கானா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"சத்தம் போடாதே!" என் கையை இறுக்கிப் பிடித்தார். "உனக்குத் தெரியாது. எங்க ஊர்ல பிடிபட்டவன்னு சொல்ல மாட்டாங்க. சரணடைஞ்ச துரோகின்னு சொல்வாங்க. போன மாசம் எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு ரேஷனை நிறுத்திட்டாங்கன்னு பேச்சு. அந்த வீட்டு அம்மாவைக் கூட்டத்துல நிக்கவச்சு, மகனைத் திட்டச் சொன்னாங்களாம். என் பொண்டாட்டி அதைச் செய்ய மாட்டா. செத்தாலும் மாட்டா. ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, கிலோன்சி. பெரியவளுக்குப் பதினாறு வயசு."

"தாள்ல அவன் பேரை எழுதலையா நீங்க?"

"எழுதல."

நான் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகள் பிறந்தபோது மனைவிக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. நடுவழியில் பேருந்து நின்றுவிட, மூன்று மைல் நடந்து வந்து ரத்தம் கொடுத்தவர் இவர். அந்த ஞாயிறு காலையில்தான் கோயிலில் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துப் பாடிவிட்டு வந்திருந்தேன். இப்போது அவர் கேட்பது ஒரு விசையைத் தட்டுவது மட்டும். கர்த்தரே, எது சரி என்று சீக்கிரம் சொல்லும் என்று வேண்டினேன். சாமான் அறைக் கதவு திறந்தே இருந்தது. என் கால் ஒரு அடி அந்தப் பக்கம் வைத்ததை நான் மறைக்கப் போவதில்லை.

"என்ன, ரெண்டு பேரும் கல்யாணம் பேசி முடிக்கிறீங்களா?" தஹபோ கதவருகில் நின்றாள். "டேப்பைக் குடு கிலோன்சி. ஆறே முக்காலுக்குக் கார் கிளம்பிடும். எனக்கு அதுக்குள்ள நோன்பு வேற திறக்கணும்."

கையை நீட்டினாள். நான் கொடுத்துவிட்டேன். நல்லவனாக இருந்து கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவள் கேட்டாள், கை நீண்டது, அவ்வளவுதான்.

அவள் கேட்டுக்கொண்டிருந்த இருபது நிமிடமும் அத்மாசு அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்து, ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். பென்சில் விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. தஹபோ முதலில் வேகமாகத் தலையாட்டியபடி கேட்டாள். பிறகு காலடி விசையை மிதித்து டேப்பைப் பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள். மறுபடி ஓட்டினாள். வழக்கமாகப் பெயர்கள் முடிந்ததும் நிறுத்திவிடுவாள். அன்று கடைசிவரை கேட்டாள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி, பென்சிலை எடுத்தாள்.

எழுந்து வந்து, தாளை அவர் முன் வைத்தாள். ஒன்பதாவது பெயருக்குக் கீழே, ஓரத்தில், ஒரு புள்ளி.

அவர் அதைப் பார்த்தார். ஹெட்போனைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவரே எழுந்து போய்த் தாளை அவள் மேசையில் வைத்தார்.

"கேட்டுட்டேன். சரியா இருக்கு."

அவர் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சிவப்பு அட்டைப் புத்தகம் அவள் இழுப்பறையில் இருந்தது. அதை வெளியே எடுத்தாள். திறந்து, தேதி எழுதினாள். மணி ஆறு இருபத்தைந்து. சூரியன் குன்றுகளின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அவள் மேசையில் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு குவளைத் தண்ணீரும் தயாராக இருந்தன.

தேதிக்குப் பிறகு எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே. தாள்ல ஒன்பது பேர் இருக்கு. டேப்ல பத்து."

"உன் காதுக்குப் பத்து."

"பத்தாவது ஹெனோக்."

அவர் முகம் ஒரு கணத்தில் மாறிப்போனது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "உனக்கென்ன போச்சு? என் பிள்ளையைப் பிடிச்சு வச்சிருக்கிறது உன் ஜனங்க. இப்ப அவன் பேரை எழுதி என் வீட்டுல நெருப்பு வைக்கச் சொல்றதும் நீ. எழுது, போ! புத்தகத்துல எழுது! என்னையும் அனுப்பிடு. உங்களுக்கு இன்னொரு வெற்றி."

தஹபோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லாதவள். எழுந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

"தினமும் காலையில எங்க அம்மா கடிதம் வந்துச்சான்னு கேட்டீங்களே, அண்ணே" என்றாள். "அப்ப நான் எந்த ஜனம்னு பார்த்தா கேட்டீங்க?"

அவர் மறுபடி பென்சில் துண்டைக் கையில் எடுத்தார்.

"நான் ஒண்ணு கேட்கிறேன். கோபப்படாம சொல்லுங்க. கடல் பேசுறதை நீங்க இங்க உட்கார்ந்து கேட்கிறீங்க. அடிஸ் அபாபாவுல இதே மாதிரி ஒருத்தர் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டாரா?"

அவர் பார்வை மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குப் போனது.

"அவர் பத்துப் பேரும் எழுதிட்டார். இப்ப அந்தத் தாள் யார் மேசைக்குப் போகணுமோ அங்க போயாச்சு. உங்க வீட்டுக்கு வரணும்னு இருக்கிற கஷ்டம் நீங்க எழுதாததால நிக்காது. ஆனா ஜெனீவாக்காரங்களுக்குப் போறது நம்ம தாள் மட்டும்தான். ஒன்பது பேரைத் தேடிப் போவாங்க. ஒன்பது பேரைக் காட்டுன்னு கேட்பாங்க. பத்தாவது ஆளை யார் கேட்பாங்க அண்ணே? நாளைக்கி அவனைப் பிடிச்சு வச்சிருக்கிறவங்க, அப்படி ஒருத்தன் எங்ககிட்ட இல்லவே இல்லைன்னு சொன்னா, யார் எதைக் காட்டி எதிர்த்துப் பேசுறது?"

தாளில் இல்லாதது சொல்லப்படவே இல்லை என்பது, புதிதாகச் சேருகிறவர்களிடம் ஒமோல்லோ முதல் நாள் சொல்லும் பாடம். அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லாருக்குமே அப்படி ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. நாங்கள் எழுதினால்தான் உலகத்துக்குத் தெரியும், நாங்கள் விட்டுவிட்டால் அது காற்றோடு போய்விடும் என்று. வெளியே எவனுக்கும் வராத இந்தத் தவறு, கேட்பதையே தொழிலாகக்கொண்ட ஒரு நல்ல மனிதருக்கு வந்துவிட்டது.

அத்மாசு அண்ணன் பென்சில் துண்டைக் கீழே வைத்தார். "எனக்கு யோசிக்க முடியல, தங்கச்சி" என்றார். "அவன் பேர் வந்ததும் காது அடைச்சிடுச்சு."

"எப்ப ஹெட்போனைக் கழட்டுனீங்க?"

"அவன் பேரைப் படிச்ச உடனே."

"அப்ப அவன் பேசினதை நீங்க கேட்கலையா?"

அவர் மெதுவாகத் தலை நிமிர்த்தினார்.

"மூணு பேர் பேசினாங்க. மூணாவது அவன்தான்."

வெளியே கார் ஓட்டுநர் இஞ்சினைக் கிளப்பினார். ஒமோல்லோ தன் அறையிலிருந்து, "அம்ஹாரிக் எங்கப்பா? கடல் வத்திப்போச்சா?" என்று கத்தினார்.

"அஞ்சு நிமிஷம்!" என்று நான் கத்தினேன்.

தஹபோ என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ச் சுருளைக் கொண்டுவந்து அவர் மேசை இயந்திரத்தில் மாட்டினேன். அவசரத்தில் நாடா இரண்டு முறை நழுவியது. அவள் தன் கையாலேயே ஹெட்போனை அவர் காதில் வைத்தாள். பிறகு, எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியையும் மெல்லத் திறந்தாள்.

எனக்கு அம்ஹாரிக் தெரியாது. ஆனாலும் கேட்டது புரிந்தது. ஒரு இளைஞனின் குரல், நன்றிப் பாடத்தைக் கடகடவென்று, மூச்சுவிடாமல், யாரோ பின்னால் நிற்பதுபோல் ஒப்பித்தது. சட்டென்று நின்றது. பிறகு அதே குரல் வேறொரு வேகத்தில் பேசியது.

"ஹெனோக்."

ஒரு இடைவெளி.

"அத்மாசு."

மறுபடி இடைவெளி.

"வோல்தெயெஸ்."

அறிவிப்பாளர் படித்தபோது இரண்டு பெயர்தான், அவன் பெயரும் தந்தை பெயரும். அவன் தாத்தா பெயரையும் சேர்த்தான், வேறு எந்த ஹெனோக்கோடும் குழப்பிக்கொள்ள இடமில்லாதபடி. பிறகு மூன்றையும் திரும்ப ஒருமுறை, அதே இடைவெளிகளோடு சொன்னான்.

"வேற பேர் சொல்லியிருக்கலாம் அண்ணே" என்றாள் தஹபோ. "வீட்டுக்கு ஆபத்து வரும்னு பயந்து எத்தனையோ பேர் பொய்ப் பேர் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியும். அவன் உண்மைப் பேரைச் சொல்லியிருக்கான். ஏன் இவ்வளவு மெதுவா சொல்றான்னு எனக்கு முதல்ல புரியல. மூணு தரம் கேட்டேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. மேசைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து, விசைகள் ஓயும்வரை காத்திருந்த பன்னிரண்டு வயதுப் பையன்தான் அது. எந்த அறையில், எந்த நேரத்தில், யார் காதில் தன் குரல் விழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் அப்பா எழுதுவார் என்று நம்பித்தான் அவர் விரல் வேகத்தில் சொன்னான்.

"இன்னொரு தரம் போடு" என்றார் அத்மாசு அண்ணன். குரல் உடைந்து வந்தது.

நான் போட்டேன். அவர் தஹபோ நீட்டிய தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகி, உருளையைத் திருகி, ஒன்பதாவது வரிக்குக் கீழே கொண்டுவந்தார். 'ஹெனோக்' என்றது குரல். விசைகள் தட்டின. குரல் காத்திருந்தது. 'அத்மாசு.' விசைகள் தட்டின. கடைசிப் பெயர் வருவதற்குள் அவர் விரல்கள் ஓய்ந்து காத்திருந்தன. தகப்பனும் மகனும் ஒரு எழுத்தளவுகூடப் பிசகவில்லை. அவர் கண்ணீர் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் தாளில் ஒரு பிழை இல்லை. 'வழக்கமான நன்றி' என்ற வரியை அடித்துவிட்டு, மூன்றாவது கைதி தன் முழுப் பெயரையும் இரண்டு முறை தெளிவாகச் சொன்னார் என்று எழுதினார்.

தஹபோ தாளை வாங்கி, ரப்பரால் புள்ளியை அழித்தாள். தூளை ஊதினாள். புத்தகத்தில் எழுதிய தேதியை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 'பதிவு எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒமோல்லோ வாசலில் வந்து நின்றார். "கார்க்காரன் என்னைத் திங்கப் போறான். என்ன ஆச்சு?"

"ஒரு பேரைச் சரிபார்த்தோம்" என்றாள் தஹபோ.

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தோம். சூரியன் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. பேரீச்சம்பழம் அப்படியே இருந்தது. அத்மாசு அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர்க் குவளையை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"நான் சொன்னதை மன்னிச்சிடு, தங்கச்சி."

"ரொட்டியை வெட்டுங்க அண்ணே. பசி உயிர் போகுது" என்றாள் அவள்.

அவர் ரொட்டியின் மேல் சிலுவை போட்டார். அவள் உதட்டுக்குள் தன் துஆவைச் சொன்னாள். நானும் என் பங்குக்குக் கண்ணை மூடினேன். மூன்று ஜெபமும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். முதல் துண்டு அவளுக்கு. சொன்னபடியே.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் மனைவியை அரசாங்கத்தின் தெருக்குழு இரண்டு முறை விசாரிக்கக் கூப்பிட்டது. சர்க்கரையும் எண்ணெயும் நின்றன. பக்கத்து வீட்டுப் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒரு கரண்டி, அரைக் கிண்ணம் என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்களாம். யார் யார் என்று அவள் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. டிசம்பரில் ஜெனீவாக்காரர்களின் அட்டை ஒன்று நைரோபிக்கு வந்தது. கைதி எண், முகாம், உடல்நலம் சுமார், கீழே ஹெனோக்கின் கையெழுத்து. அந்தக் கைதிகள் வீடு திரும்பப் பதினோரு வருடமானது. ஆனால் திரும்பினார்கள், அவனும் திரும்பினான். தஹபோவின் தாயிடமிருந்து அக்டோபரில் கடிதம் வந்தது. அதை அவள் பிரிப்பதற்கு முன்பே அத்மாசு அண்ணன் அழத் தொடங்கிவிட்டார்.

ஆனால் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது மறுநாள் திங்கட்கிழமையைத்தான். எங்கள் டேப்புகளுக்கு ஒரு நாள்தான் ஆயுள். சுருள்கள் குறைவு. நேற்றையதை அழித்துத்தான் இன்றையதைப் பதிய வேண்டும். மூன்று மணிக்கு அந்தச் சுருளைக் கையில் எடுத்தபோது எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையின் குரல். எங்கே ஒளித்து வைக்கலாம், ஒமோல்லோவிடம் என்ன சொல்லலாம் என்று சாமான் அறையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்மாசு அண்ணன் வந்தார். சுருளை வாங்கி, சோதனை இயந்திரத்தில் மாட்டி, ஒருமுறை கேட்டார். ஒரே ஒருமுறை. பிறகு கழற்றி, முந்தின நாள் என்னை அழிக்கச் சொன்ன அதே சுருளைத் தானே காந்தப் பெட்டியின் மேல் வைத்தார்.

"அண்ணே, வேண்டாம். நான் ஒமோல்லோகிட்ட பேசிப் பார்க்கிறேன்."

"இல்ல தம்பி. அஞ்சரைக்கு வேற வீட்டுப் பசங்க பேசுவாங்க" என்றார். "டேப் காலியா இருக்கணும்."

விசையை அவரே தட்டினார்.